டைனமோ மாட்டிய சனிக்கிழமை

மூன்றாவது தடவையாக பெல்ட் கழன்று விழுந்ததும் பொன்னுதுரை ஸ்பேனரைத் தரையில் ஓங்கி எறிந்தார். அது எகிறி வந்து அவர் முழங்காலிலேயே பட்டது. வலியைவிட வெட்கம்தான் அதிகம். மலாக்காவின் காஜா பெராங் வட்டாரமே கூடி வேடிக்கை பார்ப்பதுபோல் இருந்தது. உண்மையில் பார்த்தவர் பக்கத்து வீட்டுக்காரர் பிச்சை ஒருவர்தான்.

மணி பத்தே கால். சனிக்கிழமை பன்னிரண்டரைக்குப் பதிவு ஆபீஸை மூடிவிடுவார்கள்; அதற்குள் குருபோங் ரப்பர் தோட்டத்திலிருந்து அக்கா தெய்வானையை டவுனுக்குக் கொண்டுவந்து குடியுரிமைக்குப் பதிய வேண்டும். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த மாதத்துக்குள் பதிந்தால் மலாய்ப் பரீட்சை கிடையாது. நாளை ஞாயிறு, மாதக் கடைசி. இன்று விட்டால் விட்டதுதான். முப்பது வருஷம் பால் மரம் வெட்டிய அக்காவுக்கு மலாயில் சாப்பாட்டைச் சொல்லும் ‘மாக்கான்’ தவிர ஒரு வார்த்தை வராது. காலும் சரியில்லை, பஸ்ஸில் ஏற முடியாது. “கவலப்படாதக்கா, நம்ம கார்லயே கூட்டிட்டுப் போறேன்” என்று பொன்னுதுரை வாக்குக் கொடுத்திருந்தார்.

நம்ம கார் என்பது ஜப்பான்காரன் வருவதற்கு முந்தைய ஓர் ஆஸ்டின். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. புதன்கிழமை அதன் டைனமோ உயிரை விட்டது. பழைய இரும்புக் கடையில் வேறொரு காரின் டைனமோவைத் தேடிப் பிடித்தார். ஒர்க்‌ஷாப்பில் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் அது பொன்னுதுரை இல்லையே! ஜவுளிக் கடையில் இருபது வருஷம் துணி கிழித்த கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

வேலைதான். எஞ்சின் கப்பியும் டைனமோ கப்பியும் ஒரே நேரில் நிற்காவிட்டால் பெல்ட் தங்காது. விசிறியும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. பெல்ட் போனால் ரேடியேட்டர் கொதித்துவிடும். டைனமோவுக்குப் பின்னால் வாஷர் வைத்து முன்னே தள்ளினார். ஜவுளிக் கடையின் இரும்புக் கஜக்கோலை இரண்டு கப்பியின் விளிம்பிலும் வைத்துப் பார்த்தார். மயிரிழை பிசகவில்லை. ஸ்டார்ட் செய்தார். ஒரே நிமிஷம், பெல்ட் கிறீச்சிட்டு வெளியே குதித்தது. சனியன் பிடித்த டைனமோ!

மனைவி கோகிலா வாசலுக்கு வந்தாள். “என்னாங்க, ஒரு டெக்சி பிடிச்சு அனுப்பினா என்னா?”

“கார்ல வர்றேன்னு அக்காகிட்ட சொல்லியிருக்கேன்ல? அரை மணி நேரத்துல முடிஞ்சிரும். நீ உள்ள போ.”

“இதையேதான் ஏழு மணிக்கும் சொன்னீங்க.”

அவள் சொன்னது சரி. அதனால்தான் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

பதினொன்றே முக்காலுக்குப் பிச்சை பொறுக்கமாட்டாமல் சரோங்கைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மலாக்காச் செட்டி; கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். கப்பிகளின் பள்ளத்தில் விரலை ஓட்டிப் பார்த்து, “தெப்பி சாமா. தெங்ஙா தாக் சாமா” என்றார். ஓரம் சரி, நடுதான் சரியில்லை என்கிறார்.

பொன்னுதுரை குனிந்தார். வேற்றுக் கார் டைனமோவின் கப்பி தடித்தது. விளிம்புகள் சேர்ந்தாலும் பெல்ட் ஓடும் பள்ளங்கள் கால் அங்குலம் விலகி நின்றன. துணியைக் கரையோடு கரை சேர்த்தே மடித்துப் பழகியவர், கப்பியையும் கரை பிடித்தே பார்த்திருக்கிறார். முதல் கோணல் முற்றும் கோணல்! தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். இன்னும் இரண்டு வாஷர் வைத்ததும் பள்ளங்கள் நேராயின. பெல்ட் சத்தமில்லாமல் ஓடியது. அப்போது மணி பன்னிரண்டு.

குருபோங்குக்கு விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே இருபத்தைந்து. தொழிலாளர் குடியிருக்கும் லயம் வெறிச்சோடிக் கிடந்தது. தெய்வானை மட்டும் நல்ல சேலை கட்டி, காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

“மத்தவங்கள்லாம் எங்கக்கா?”

“தோட்டத்து லாரியில காலையிலயே பதியப் போயிட்டாங்கடா. என்னையும் நாற்காலி போட்டு ஏத்துறேன்னு கணக்கெழுதுற கிராணியே வந்து கூப்பிட்டாரு. என் தம்பி கார் கொண்டாறான், எனக்கு எதுக்கு லாரின்னுட்டேன்.”

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தாங்கிப் பிடித்து ஏற்றினார். அவள் சீட்டைத் தடவிப் பார்த்தாள்.

“மெத்துமெத்துன்னு இருக்குடா.”

வழியில் செங் என்ற ஊரைத் தாண்டும்போது மணி பன்னிரண்டே முக்கால். காரில் ஒரு குறையும் இல்லை.

“தம்பி, ஆபீசரு என்கிட்ட என்னாடா கேப்பாரு?”

ஆபீஸ் மூடிக் கால் மணி நேரம் ஆகிவிட்டது. இனி அவள் எழுதவேண்டிய மலாய்ப் பரீட்சையில் என்ன கேட்பார்கள் என்று பொன்னுதுரைக்கும் தெரியாது.