சீனியைத் தேடி வந்த கடல்

சூசை மச்சாதுவின் குதிரைக்குச் சினை ஏழு மாதமானபோது, கடல் மில்லர்புரத்துக்கு வந்து அவன் வீட்டு வாசலில் நின்றது. புதுத் துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கத் தொடங்கிய வருஷம் அது. புயலும் இல்லை, மழையும் இல்லை; ஐப்பசி பிறக்கவே நாள் கிடந்தது. ஒரு கட்டில் அகலமும் கணுக்கால் ஆழமுமாகக் கரையிலிருந்து கிளம்பி, தெருத்தெருவாகத் திரும்பி, வேறு எவர் வீட்டுப் படியையும் நனைக்காமல் வந்திருந்தது. கொட்டிலில் நின்ற குதிரை ஒருமுறை கனைத்தது. அதைக் கேட்டுவிட்டு, கடல் வந்த வழியே திரும்பிப் போனது. தெருவில் கொஞ்சம் சாளை மீன் கிடந்தது, பூனைகள் எடுத்துக்கொண்டன. சூசை கதவுக்குப் பின்னால் நின்று வேட்டியிலேயே ஒன்றுக்குப் போயிருந்தான்.

தப்பு அவனுடையதுதான். அவன் ஸ்டேஷனுக்குச் சவாரி ஓட்டும் குதிரைவண்டிக்காரன். சீனி என்று பெயருள்ள அந்தக் குதிரை காயல்பட்டினத்து சேக்கின் கறுப்புக் குதிரையோடு சேர்ந்து சினைப்பட்டது. சினைக் குதிரையைக் கட்டிப்போட்டால் கால் வீங்கும், குட்டி வயிற்றிலேயே ஊதிப்போகும், ஈனும்போது தாய் தாங்காது, தினமும் ஏறி நடத்து, ஓட மட்டும் விடாதே என்று வண்டிப்பேட்டையில் எல்லோரும் சொன்னார்கள். சூசையும் முதுகில் சாக்கை விரித்து ஏறி, மெல்ல நடத்திவந்தான். அப்படியும் ஐந்தாம் மாதத்தில் பின்னங்கால்களில் நீர் இறங்கிவிட்டது. சாயங்காலம் கொஞ்ச நேரம் கடல் தண்ணீரில் முழங்கால் அளவுக்கு நிறுத்தினால் வீக்கம் வற்றும் என்றார் மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஜெயசிங். சூசைக்கோ கடல் என்றால் குலைநடுக்கம். வாலிபத்தில் சங்குகுளிக்கப் போனவன், ஒருநாள் மூக்கில் ரத்தம் வழியக் கரையேறி, அதற்குப் பிறகு காலைக்கூட நனைத்ததில்லை. ஆனாலும் சோறு போடும் குதிரையாயிற்றே என்று, அதன் முதுகிலேயே காலை மடக்கி உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு தினமும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறக்கினான். அதுதான் வினையாய்ப் போயிற்று. கடல் எதற்கும் சீக்கிரம் பழகிவிடும். ஏழாம் மாதத்தில் கொழுந்தியாள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் ஒருநாள் தவறியது, கடல் என்ன ஏதென்று பார்க்க வந்துவிட்டது.

அதிலிருந்து சூசை ஒரு சாயங்காலமும் தவறவில்லை. வெற்றிலைக் கடையில் சற்றுத் தாமதித்தால்கூடத் தெருக்கோடியில் அலைச்சத்தம் கேட்டுவிடும். பாதி வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடுவான். கடல் தேடி வருவது குதிரையை இல்லை, தன்னைத்தான், ஓடிப்போனவனைப் பிடிக்கத்தான் என்று அவன் மனசு அடித்துச் சொன்னது. மீன் சாப்பிடுவதை விட்டான். உடம்பு பாதியாய் இளைத்தது. குதிரையின் வயிறு மட்டும் நாளுக்கு நாள் பெருத்துத் தரையைப் பார்த்து இறங்கியது. பதினோராம் மாதம் பிறந்ததும் டாக்டர் கொட்டிலுக்கு வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

“இனி முதுகுல ஏறாத. கையில பிடிச்சு முத்தத்துல மெள்ள நடத்து, போதும். கரை வரைக்கும் கொண்டு போனா தாயும் குட்டியும் ரெண்டும் போயிரும்.”

“கொண்டு போகலைன்னா கடல் வந்துருமே, டாக்டரய்யா.”

“அதுக்கு எங்க டிப்பார்ட்மெண்ட்ல மருந்து இல்லப்பா” என்று சொல்லிவிட்டு அவர் கையைக் கழுவினார்.

கரைக்குக் கொண்டுபோனால் குதிரை சாகும், கொண்டுபோகாவிட்டால் தெரு முழுகும். சூசை முற்றத்திலேயே சீனியைச் சுற்றிச் சுற்றி நடத்தினான். முதல் நாள் கடல் முற்றத்துக்கு வந்து குதிரையோடு சேர்ந்து சுற்றியது. மறுநாள் வீட்டுக்குள் நுழைந்து கட்டில் கால்வரை ஏறியது. அதற்கும் மறுநாள் பக்கத்து வீடுகளுக்குள்ளும் புகுந்தது. அடுத்த வீட்டு இன்பமணி டீச்சர் முட்டளவு தண்ணீரில் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தாள். “அண்ணாச்சி, இந்தக் குதிரைய எங்கயாவது கொண்டு போயிருங்க. எங்க அரிசிப் பானைக்குள்ள நண்டு கெடக்கு” என்று அழுதாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

கடல் வரமுடியாத ஊருக்குப் போய்விடலாம் என்று சூசை முடிவு கட்டினான். விடிந்ததும் செல்லப்பாண்டியின் உப்பு லாரியில் பலகை சாய்த்துச் சீனியை ஏற்றி, பெண்டாட்டி அந்தோணியம்மாளையும் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி ரோட்டில் புறப்பட்டான். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் செல்லப்பாண்டி கண்ணாடியைப் பார்த்தான். “பின்னால என்னமோ வருது அண்ணாச்சி. சைடு குடுக்கட்டா?” என்று கேட்டான். சூசை திரும்பிப் பார்த்தான். கடல் வந்துகொண்டிருந்தது. அதற்குள் ரயிலுக்காகக் கேட்டை மூடிவிட்டதால் அந்தப் பக்கமே நுரைத்துக்கொண்டு நின்று, திறந்ததும் புறப்பட்டது. “ஏலே, மிதிலே!” என்று சூசை கத்தினான்.

லாரியின் குலுக்கலில், அதே ரோட்டில் இருக்கும் புதுக்கோட்டைக் கிராமத்துக்குப் பக்கத்திலேயே சீனிக்கு வலி கண்டது. பனைகளுக்கு நடுவே இறக்கினார்கள். குட்டியின் மூக்கும் ஒரு முன்னங்காலும் வெளியே தெரிந்தன; மற்றக் கால் உள்ளே மடங்கிச் சிக்கியிருந்தது. சீனி அந்தப் பக்கமாகவே சரிந்து படுத்துவிட்டது. அத்தனை கனத்துக்கு அடியில் கை நுழையவில்லை. அதன் கண்கள் வெளுத்துக்கொண்டு வந்தன. சூசை தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

அப்போது கடல் வந்து சேர்ந்தது. பனைகளைச் சுற்றி விரிந்து, இடுப்பளவு ஏறி, குதிரையை அடியோடு தூக்கியது. சீனி தலையை நீட்டி மூச்சுவிட்டது. இனிக் காலைத் திருப்பிவிடலாம். ஆனால் முங்கித்தான் திருப்பவேண்டும். சூசை வரப்பில் ஏறி நின்று, மாட்டேன் மாட்டேன் என்று நடுங்கினான்.

சங்குகுளியில் ஒரு முறை உண்டு. முங்குகிறவனின் கயிற்றை மேலே பிடித்திருப்பவன் அவனுடைய மச்சானாக இருக்கவேண்டும். கூடப்பிறந்தவள் தாலியறுக்க அவன் விடமாட்டான் என்று நம்பிக்கை. அந்தோணியம்மாளின் தம்பி இஞ்ஞாசி காய்ச்சலில் போனபிறகு வேறொருவன் கயிறு பிடித்தான். அவன் கவனம் எங்கேயோ இருக்க, சூசை கீழே கிடந்து இழுத்து இழுத்துப் பார்த்து, செத்துப் பிழைத்து ஏறினான். அன்றைக்குப் பிடித்த பயம் இது.

அந்தோணியம்மாள் குதிரையின் கயிற்றை அவிழ்த்து அவன் இடுப்பில் கட்டினாள்.

“நுனிய இங்கன குடுங்க. மச்சான் எதுக்குப் பிடிக்கான்? அக்கா தாலியறுக்கக் கூடாதுன்னுதான? அந்தக் கழுத்தே இங்க நிக்கி. நான் விட்டுருவனா?”

சூசை அவள் கழுத்தைப் பார்த்தான். மாதாவைக் கூப்பிட்டான். முங்கினான்.

தண்ணீருக்குள் பழைய இருட்டும் பழைய இரைச்சலும் அப்படியே இருந்தன. தப்பித்து ஓடிவிடு என்று உடம்பெல்லாம் கத்தியது. கயிற்றை ஒருமுறை இழுத்தான். மேலிருந்து உடனே ஓர் இழுப்பு வந்தது. மறுபடி இழுத்தான், மறுபடி வந்தது. அப்படி இழுத்துக் கேட்டுக் கேட்டே கையை உள்ளே விட்டு, குட்டியின் குளம்பை உள்ளங்கையால் பொத்தி, முழங்காலை நிமிர்த்தினான். குட்டி வழுக்கிக்கொண்டு அவன் நெஞ்சில் வந்து விழுந்தது. அதை அணைத்தபடி எழுந்தவன், கடல் இனி இதைக் கேட்கும், அல்லது என்னைக் கேட்கும் என்று நடுங்கிக்கொண்டே நின்றான். கடல் இரண்டையும் கேட்கவில்லை. குட்டியின் மேல் ஓர் அலையாக ஏறி, சவ்வைக் கழுவி, தாயின் முகத்தருகே ஒதுக்கிவிட்டு, திருநெல்வேலி ரோடு வழியாகவே திரும்பிப் போனது.

குட்டி வளர்ந்து வண்டியில் பூட்டும் பருவம் வந்தது. சீனி மறுபடியும் சினைப்பட்டது. சாயங்காலமானால் சூசை இரண்டையும் கரைக்கு நடத்திப்போய், கூடவே நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி நிற்பான். அந்தோணியம்மாள் மணலில் உட்கார்ந்து, மீன்காரிகளிடம் விலை பேசிக்கொண்டே கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருப்பாள். அவன் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கரைவரை கேட்கும். இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு எதற்கு இறங்குகிறீர்கள் என்று துறைமுகத்துக்குப் புதிதாக வந்த கிளார்க் ஒருவர் கேட்டார்.

“நாம போகலைன்னா அது வந்துரும்லா சார்” என்றான் சூசை.