மூன்றாவது எச்சரிக்கை

மூன்று வருடப் பட்டப்படிப்பை அவள் ஆறு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தாள். செருப்புக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, வீங்கிய காலோடு சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து இலக்கியம் படித்தால் அப்படித்தான் இழுக்கும். பிறகு ஊரெங்கும் தொற்றுநோய் வந்தது. கடையை மூடினார்கள், கல்லூரியை மூடினார்கள். பாக்கி இருந்தது ஒரே ஒரு பேப்பர். அதை வீட்டிலிருந்தே எழுதலாம் என்று அறிவித்தபோது அப்பாடா என்று மூச்சு விட்டாள். நிபந்தனைகளைப் படித்ததும் அந்த நிம்மதி போன இடம் தெரியவில்லை.

கேமரா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்குமாம். மைக் அறையைக் கேட்டுக்கொண்டே இருக்குமாம். நாற்காலியை விட்டு எழுந்தாலோ, முகத்தைத் திருப்பினாலோ, குரலோ பெரிய சத்தமோ கேட்டாலோ ஓர் எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கையில் தேர்வு தானாகவே ரத்து. அடுத்த வருடம்தான் மறுபடி. இந்த விதியை எழுதிய புண்ணியவானுக்குத் தனி அறையும் அதற்கொரு கதவும் இருந்திருக்க வேண்டும். இவளுக்கு இருந்தது ஓர் அறை, ஒரு சமையல் மூலை, ஓயாமல் இருமும் அப்பா.

அப்பா பெயின்டர். முப்பது வருடம் ஊரார் வீட்டுச் சுவரைச் சுரண்டிய தூசி நெஞ்சில் குடியிருந்தது. அதன் மேல் இந்த நோயும் வந்து ஏறிக்கொண்டது. நோய் முற்றிய அன்று இருமல் திடீரென்று நின்றது. தூங்கிவிட்டார் என்று நினைத்து இவள் துணி காயப்போட மாடிக்குப் போனாள். இறங்கி வந்தபோது அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் இவளைப் பிடிபிடியென்று பிடித்தார். "இருமல் நின்னுடுச்சுன்னு சும்மா இருந்துட்டீங்களா? மூச்சு எப்படி இருக்குன்னு பாக்க வேண்டாமா?" அப்பா பிழைத்து வீடு திரும்பிப் பதினெட்டு நாள் ஆகியும் அந்தக் குரல் இவள் காதை விட்டுப் போகவில்லை.

தேர்வு நாள் காலையில் கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே ஒரு போர்வையைத் திரையாகக் கட்டினாள். கட்டிலோரம் பிளாஸ்கில் வெந்நீர் வைத்தாள்.

"ஏதாவது வேணும்னா சுவத்துல தட்டுங்கப்பா."

"தட்டினா அந்தப் பொட்டிக்குக் கேக்காதா?"

அவள் யோசித்தாள். "கேக்கும்."

"அப்புறம் எதுக்குத் தட்டணும்? நீ பாட்டுக்கு எழுது, புரொபசர். நான் பொணம் மாதிரி கிடக்கேன்."

"முதல்ல வாயைக் கழுவுங்க!"

ஒன்பது மணிக்குக் கேள்விகள் கம்ப்யூட்டர் திரையில் வந்தன. ஐந்தே நிமிடத்தில் தெருவில் ஒலிபெருக்கி வண்டி ஒன்று வந்து, எல்லோரும் வீட்டிலேயே இருங்கள் என்று தொண்டை கிழியக் கத்திவிட்டுப் போனது. திரையில் சிவப்பாக முதல் எச்சரிக்கை. வீட்டிலேயே இருந்ததற்குத்தான் இந்தத் தண்டனை என்று அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. சிரித்தால் அதற்கும் ஒன்று விழுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஒன்பது நாற்பதுக்கு அப்பா இருமினார். சின்ன இருமல் இல்லை, கட்டில் ஆடுகிற இருமல். இரண்டாவது எச்சரிக்கை. போர்வைக்குப் பின்னால் "ஐயோ" என்று காற்றாக ஒரு சொல் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

அவள் எழுதினாள். நாடகங்களில் கோமாளிகள் எதற்கு என்பது கேள்வி. படித்த கேள்விதான், விடை விரல் நுனியில் இருந்தது. பத்து மணிக்கு அவர் இருமவில்லை. பத்தரைக்கும் இருமவில்லை. கோமாளி மேடைக்கு வந்து ராஜாவைக் கேலி செய்வதைப் பற்றி ஒரு பக்கம் தட்டச்சு செய்து முடித்தபோது, தான் எழுதியதில் ஒரு வரிகூட அவளுக்கு நினைவில்லை. பதினெட்டு நாளில் அவர் முக்கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் இருமாமல் இருந்ததே கிடையாது.

தூங்குகிறார் என்று சொல்லிக்கொண்டாள். அன்றைக்கும் இதையேதான் சொல்லிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கலாம், பார்த்தாலும் போர்வைதான் தெரியும், மூன்றாவது எச்சரிக்கை விழுவதுதான் மிச்சம். ஆறு வருடம். இருபத்துமூன்று பேப்பர். பஸ்ஸில் நின்றபடி படித்த அத்தனை பக்கம். இனி ஒரு வருடம் இதைச் சுமக்க உடம்பில் தெம்பில்லை. அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

பதினொன்று முப்பத்தைந்து. ஒரு கேள்விதான் பாக்கி.

"அப்பா!"

தன் குரல் அவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரியாது. திரை வெளுத்தது. உங்கள் தேர்வு ரத்து செய்யப்பட்டது என்று அதில் மரியாதையாக எழுதியிருந்தது. அதைப் படித்து முடிக்காமலே எழுந்து ஓடிப் போர்வையை இழுத்தாள்.

அப்பா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு துண்டைச் சுருட்டி வாயில் திணித்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். முகம் சிவந்து, நரம்பு புடைத்து, கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. பார்வை மட்டும் எதிர்ச்சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. துண்டை எடுத்துவிட்டு, விரலை உதட்டில் வைத்துக் கிசுகிசுத்தார்.

"ஏம்மா எழுந்து வந்த? இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கே. போ, போய் உக்காரு. அதுக்குக் கேட்டிருக்காது."

"கேட்டுடுச்சுப்பா."

"நான் சத்தமே போடலையேம்மா!"

"நீங்க போடலப்பா. நான்தான் போட்டேன்."

அவர் மேசையைப் பார்த்தார், இவள் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்த பிறகும் மறுபடி கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இனிமே இருமலாம்பா," என்றாள்.

அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாக வந்தது. கட்டில் ஆட, ஜன்னல் அதிர இருமினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுகையாக வந்தது, அலுப்பாகவும் இருந்தது. ஆனாலும் அந்தச் சத்தம் மட்டும் நின்றுவிடக் கூடாது என்று இருந்தது.