மட்டையைப் போட்டுவிட்டு ஓடியவன்

என் மகள் முத்தமிழ், பள்ளிக்கூட நூலகத்திலிருந்து எடுத்துவந்த படப்புத்தகம் முழுக்க இங்கிலீஷில் இருந்தது. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். நான் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் லாரிக்குப் பின்னால் எழுதியிருப்பதோடு சரி. அதனால் படத்தைப் பார்த்தே கதையை உண்டாக்கிக்கொண்டோம். தொப்பி போட்ட பையன் ஒருவன், உருட்டுக்கட்டை மாதிரி ஒரு மட்டையோடு நிற்கிறான். பந்து வருகிறது. வீசுகிறான், படவில்லை. அடுத்த பக்கத்திலும் படவில்லை. அழுகிறான். அம்மாக்காரி வந்து கண்ணைத் துடைத்துவிடுகிறாள். மறுபடி போய் நிற்கிறான்.

"ஸ்டம்பு எங்கப்பா?" என்றாள் முத்தமிழ்.

"வரையிறவன் மறந்திருப்பான்," என்றேன். ஊர் டீமில் பத்து வருஷம் கிரிக்கெட் ஆடியவன் நான். மட்டையும் பந்தும் இருக்கிற இடத்தில் எனக்குத் தெரியாத விஷயம் இருக்க முடியாது என்கிற நினைப்பு.

கடைசித் தாளை யாரோ கிழித்திருந்தார்கள். மிச்சமிருந்த கடைசிப் படத்தில் மட்டை தரையில் கிடந்தது. பையன் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். மேலே மூலையில் வெள்ளையாக ஒரு பொட்டு. பகல் நிலா என்றேன். ரன் எடுக்க ஓடுகிறவன் மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டுதானே ஓடுவான்?

"வெறுத்துப் போயி மட்டயப் போட்டுட்டு வூட்டுக்கு ஓடிட்டான் பாப்பா. அவ்ளோதான் கதை," என்று புத்தகத்தை மூடினேன்.

பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த என் மனைவி சுகன்யாவின் கை நின்றது. "பாவம், அவனும் எத்தன தடவதான் நிப்பான்," என்றாள்.

அவள் அதே பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். அமைப்பாளர் ஆக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அதற்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். தனியாக எழுதி மற்ற எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள். கணக்கில் மட்டும் முதல் தடவை இருபத்தெட்டு, அடுத்த தடவை முப்பத்தொன்று. முப்பத்தைந்துக்கு நாலே நாலு குறைச்சல். இந்தத் தடவையும் போனால் அந்த வேலைக்கு வயது தாண்டிவிடும்.

மறுநாள் காலையில் பார்த்தால், உப்பு ஜாடியில் சாய்த்து வைத்திருக்கும் கணக்கு கைடைக் காணோம். பரணில் ஏற்றிவிட்டாள்.

"பரீட்சைக்குப் போவலைங்க. ரெண்டு தடவ பட்டது போதும்."

உள்ளதைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அவள் படிக்க உட்கார்ந்ததிலிருந்து மூன்று மாதமாக ராத்திரிச் சோறு நான்தான் வடித்துக்கொண்டிருந்தேன். "சரி வுடு, இருக்கிற வேலையே போதும்," என்றேன். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். வேறு ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். அது எனக்கு உறைக்க நாலு நாள் ஆயிற்று.

நாலாம் நாள் முத்தமிழ் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறாள். நூலகத்தைப் பார்த்துக்கொள்வது விளையாட்டு வாத்தியார் அசோக் சார். என்ன கதை, சொல்லு என்று கேட்டிருக்கிறார். இவள் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாராம். சாயங்காலம் புத்தகத்தோடேயே வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"அப்பா, நீ சொன்னது தப்பாம். அது கிரிக்கெட்டே இல்லியாம், பேஸ்பாலாம். அதுல மூணு தடவ வுட்டாத்தான் அவுட்டாம். அடிச்சுட்டாத்தான் மட்டயக் கீழ போட்டுட்டு ஓடணுமாம். ஒரு சுத்து சுத்தி, மொதல்ல நின்ன எடத்துக்கே வந்து கட்டத்த மிதிச்சா ஒரு ரன்னாம்."

"மூணா?" என்றாள் சுகன்யா. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். கடைசிப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூலையில் விரலை வைத்தாள்.

"ஏங்க, இது நிலா இல்லீங்க. பந்து."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து கைடை எடுத்துக் கொடுத்தேன். அவள் தூசியைத் தட்டிக்கொண்டே, "ஒங்களுக்குத்தான் எல்லா ஆட்டமும் அத்துப்படியாச்சே," என்றாள். அன்றைக்கும் சோறு நான்தான் வடித்தேன்.

கணக்குப் பரீட்சை ஜெயங்கொண்டத்தில். மூன்று பேரும் பைக்கில் போய்ப் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் இறங்கினோம். பரீட்சை அட்டை, பேனா, ஸ்கேல், ஹால் டிக்கெட் எல்லாவற்றையும் சுகன்யா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். முத்தமிழ் ஒரு குச்சியை எடுத்து அவள் காலைச் சுற்றி மண்ணில் கட்டம் போட்டாள்.

"இங்கேருந்துதான் போற. இங்கயே வரணும்."

சுகன்யா சிரிக்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஒன்றேகாலுக்கு மணி அடித்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. முதல் ஆளாக வெளியே வந்தவள் அவள்தான். ஒரு கையால் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் குறுக்கே ஓடிவந்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

"அப்பா, அம்மா கையில அட்டையக் காணோம்," என்றாள் முத்தமிழ்.

பார்த்தேன். அட்டை இல்லை, பேனா இல்லை, ஸ்கேலும் இல்லை. எல்லாவற்றையும் உள்ளேயே போட்டுவிட்டு வருகிறாள். முகம் தெரிகிற தூரத்துக்கு இன்னும் வரவில்லை. முத்தமிழ் என்னை அண்ணாந்து பார்த்தாள். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை.

நிழலுக்காகக் கட்டத்துக்குள் நின்றிருந்த முத்தமிழ், கோடு அழியாமல் காலைத் தூக்கி வைத்து வெளியே வந்து, அம்மாவுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றாள்.