சிவப்பு சிலிண்டர்

சவூதியில், புரைதாவுக்கு வடக்கே ரோடு போடும் சைட்டுக்கு நளினி வந்து சேர்ந்தது எழுபத்தாறாம் வருஷம், ஐப்பசி மாதம். கணவன் சிவசங்கரன் அங்கே சர்வே என்ஜினியர். ரியாத் விமான நிலையத்தில் மகள் தாமரையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டவன் வீடு போய்ச் சேரும்வரை பொறுக்காமல் அங்கேயே சொல்லிவிட்டான்: "நமக்குத் தனியா கேரவன் கொடுத்திருக்காங்க. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர் எல்லாம் உள்ளேயே இருக்கு. இந்தியாக்காரங்கள்ல எனக்கு மட்டும்தான்."

சக்கரம் வைத்த அந்தச் சின்ன வீட்டைப் பார்த்ததும் நளினிக்கும் பிடித்துத்தான் போனது. வேலை நகர நகர, டிரைவர் நாகலிங்கம் அதைப் பிக்கப்பின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவான். ஜன்னலுக்கு அவள் பூப்போட்ட திரை தைத்துப் போட்டாள். பக்கத்தில் இருந்த இன்னொரு கேரவன் வெள்ளைக்கார சீஃப் என்ஜினியர் ஹாரிஸுடையது. இரண்டும் ஒரே கம்பெனி தயாரித்தவை, ஒரே டீலரிடம் வாங்கியவை.

கார்த்திகை பிறந்ததும் குளிர் வந்தது. திருச்சியில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது என்ன குளிர் என்று சொல்லவே வார்த்தை கிடைக்கவில்லை. விடியற்காலையில் குழாய்த் தண்ணீர் விரலைக் கடித்தது. தகரச் சுவரின் உள்பக்கம் வியர்த்து, அந்த ஈரம் சில நாள் மெல்லிய ஐஸாகப் படிந்திருந்தது. ஹீட்டர் ராத்திரி முதல் சாமம்வரை நன்றாக எரியும். பிறகு சுடர் மஞ்சளாகிச் சுருங்கும், இரண்டு முறை துடிக்கும், அணைந்துபோகும். எழுந்து மறுபடி பற்றவைத்தால் மறுபடி அணையும். மூன்று பேரும் ஒரே கட்டிலில், இருக்கிற போர்வையையெல்லாம் போட்டுக்கொண்டு, பொழுது எப்போது விடியும் என்று கிடப்பார்கள்.

டீலர் ரியாத்தில், பத்தா கடைவீதியைத் தாண்டி இருந்தான். ஹீட்டர் கேரவனோடு பிணைந்தது, கழற்றி எடுத்துப்போக முடியாது. அதனால் மொத்த வீட்டையும் இழுத்துக்கொண்டுதான் போகவேண்டும். முதல் தடவை சிவசங்கரனும் நாகலிங்கமும் போனார்கள். நளினியும் குழந்தையும் ஆபீஸ் கேபினில், மேஜைகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்தார்கள். திரும்பி வந்த சிவசங்கரன், "பர்னர்ல மணல் அடைச்சிருந்ததாம். சுத்தம் பண்ணிட்டாங்க. அங்க சர்வீஸ் மேனேஜர் நம்ம ஊர்க்காரர்தான், சீதாராமன்னு, மாயவரம். ரொம்ப மரியாதையா நடத்தினார்" என்றான்.

மறுநாள் விடியற்காலையே ஹீட்டர் அணைந்தது.

இரண்டாவது தடவை ஏதோ ஒரு பாகத்தை மாற்றினார்களாம். புதுப் பாகம் பளபளவென்று இருந்தது. அதுவும் விடியற்காலையில் அணைந்தது. இந்த முறை சிவசங்கரன் கோபப்படவில்லை. "இந்த ஊர்க் குளிர் ஒரு மாசம்தான், நளினி. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். இரண்டு தடவை அலைந்த அலுப்பு என்று அவள் நினைத்தாள்.

மார்கழி நடுவில் தாமரைக்குச் சளி பிடித்தது. சளி காய்ச்சலாகி, மூச்சு விடும்போது நெஞ்சுக்கூடு உள்ளே இழுக்க ஆரம்பித்தது. நாகலிங்கம் பிக்கப்பை விரட்டிய விரட்டில் புரைதா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எகிப்து டாக்டர் குழந்தையின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நிமோனியா என்றார். "வீட்டில் ஹீட்டர் இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சிவசங்கரன் முந்திக்கொண்டு, "இருக்கிறது டாக்டர், நல்ல ஹீட்டர்" என்றான். நளினி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குழந்தை பிழைத்து வந்தபிறகு நளினி ஹீட்டரைத் தானே கவனிக்கத் தொடங்கினாள். கல்யாணத்துக்கு முன் அவள் மகளிர் கல்லூரி ஒன்றில் பௌதிக லேபில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தவள். ஒருநாள் விடிகிற வேளையில் ஹீட்டர் அணைந்ததும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வெளியே போய், கேரவனின் முன்பக்கப் பெட்டியைத் திறந்தாள். நீல நிற கேஸ் சிலிண்டர் அடிப்பாகமெல்லாம் வெள்ளையாகப் பனி பூத்து நின்றது. குழந்தைக்கு வைத்திருந்த வெதுவெதுப்பான தண்ணீரைக் கொண்டுவந்து அதன்மேல் ஊற்றினாள். உள்ளே போய்ப் பற்றவைத்தாள். சுடர் நீலமாக, நிமிர்ந்து எரிந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஹீட்டரில் ஒரு கோளாறும் இல்லை. சிலிண்டருக்குள் இருக்கிற கேஸ் இந்தக் குளிருக்கு ஆவியாகாமல் உள்ளேயே உறைந்தமாதிரி கிடக்கிறது. குளிருக்குத் தாங்குகிற வேறு கேஸ் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

"இந்தத் தடவை நானும் வர்றேன்" என்றாள். வேண்டாம் என்று சிவசங்கரன் என்னென்னவோ காரணம் சொன்னான். அவள் தாமரைக்குக் குல்லா மாட்டிக்கொண்டிருந்தாள்.

சீதாராமன் வெள்ளைச் சட்டையும் டையுமாக, நெற்றியில் துளி விபூதியோடு இருந்தார். நாற்காலி போடச் சொன்னார், குழந்தைக்கு பிஸ்கட் வரவழைத்தார். கேரவனை முற்றத்தில் நிறுத்தச் சொல்லி, பட்டாணிய மெக்கானிக் ஒருவனை விட்டு ஹீட்டரைப் பற்றவைக்கச் செய்தார். மத்தியான வெயிலில் அது அழகாக எரிந்தது.

"பாருங்க மேடம், குத்துவிளக்கு மாதிரி எரியுது. நம்ம ஜனங்களுக்குக் குளிர் பழக்கமில்லை, அதான் லேசாக் கொறைஞ்சாலும் பெருசாத் தெரியுது."

"மத்தியானம் எரிஞ்சு எனக்கு என்ன ஆகணும்?" என்றாள் நளினி. "விடியக்காலையில அணையுது. சிலிண்டர்மேல பனி பிடிக்குது. வெந்நீர் ஊத்தினா எரியுது. கோளாறு ஹீட்டர்ல இல்ல, கேஸ்ல. ஹாரிஸ் கேரவன்ல இருக்கிறது சிவப்பு சிலிண்டர். அதோ, உங்க ஷெட்டுல அடுக்கி வச்சிருக்கீங்களே, அது. எங்களுக்கு ஏன் நீலம்?"

சீதாராமனின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் நளினியைப் பார்க்கவில்லை. சிவசங்கரனைப் பார்த்தார்.

"என்ன சார், வீட்டில சொல்லலையா நீங்க?"

"என்ன சொல்லணும்?" என்றாள் நளினி.

 சீதாராமன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "சிவப்பு வர்றதே கொஞ்சம், மேடம். வெள்ளைக்காரங்க கேரவனுக்கு மட்டும்னு முதலாளி உத்தரவு. உங்க கம்பெனியிலேர்ந்து எழுதிக் கேட்டா கொடுக்கலாம். போன தடவையே சார்கிட்ட விவரமாச் சொன்னேன். சார்தான், வேண்டாம், கம்பெனிகிட்டப் போய் நிக்கமுடியாது, ஏதாவது ஒரு பார்ட்டை மாத்தி அனுப்பிடுங்கன்னு..."

"சரி பண்ணிட்டோம்னு சொல்லி அனுப்பினது நீங்கதானே?"

"நானும் அடுத்தவன்கிட்ட கைகட்டி நிக்கிறவன்தான், மேடம்."

"குழந்தை செத்திருப்பா" என்றாள் நளினி. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்த தாமரையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

 திரும்பும் வழியில் நாகலிங்கம் ஒருதடவை, "ஜன்னலை ஏத்திவிடவாம்மா, காத்து அடிக்குது" என்றான். பாதி தூரம் வந்தபிறகு சிவசங்கரன் ஆரம்பித்தான்.

"மாசியில கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும். ஹாரிஸ் கையெழுத்துப் போடணும். இந்த நேரத்துல போய், வெள்ளைக்காரங்களுக்குக் கொடுக்கிற சிலிண்டர் எனக்கும் வேணும்னு கேட்டா என்ன நினைப்பான்? தனி கேரவனே பெரிய விஷயம். ஃபேமிலி வச்சிருக்கிறவன் குறை சொல்லிட்டே இருக்கான்னு எழுதிட்டா?"

"அதனால எங்களைக் குளிர்ல போட்டுட்டீங்க."

"நானும் அதே குளிர்லதானே படுத்தேன்?"

"நீங்க தெரிஞ்சு படுத்தீங்க" என்றாள் நளினி. "எங்களுக்குத் தெரியாது."

சைட்டுக்கு வந்து சேரும்போது சூரியன் சாய்ந்துவிட்டது. ஹாரிஸ் தன் கேரவன் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். நளினி இறங்கியவள் நேராக அவரிடம் போனாள். "நளினி, வேண்டாம்" என்று பின்னால் சிவசங்கரன் கூப்பிட்டது அவள் காதில் விழுந்தது. விழாததுபோல் நடந்தாள். விஷயத்தை நாலே வாக்கியத்தில் ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஹாரிஸ் கோப்பையைக் கீழே வைத்தார். "உங்கள் ஹீட்டருக்கு என்ன என்று சிவாவிடம் கேட்டேனே. பிரமாதமாக வேலை செய்கிறது என்றாரே?" என்றார். எழுந்துபோய், தன்னிடம் கூடுதலாக இருந்த சிவப்பு சிலிண்டரை நாகலிங்கத்திடம் தூக்கிக் கொடுத்தார். மறுநாளே டீலருக்கு எழுதச் சொல்வதாகவும் சொன்னார். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இத்தனை சுலபமா என்று நினைத்தபோதுதான் நளினிக்கு அழுகை வந்தது.

அன்று முதல் ஹீட்டர் அணையவில்லை. ராத்திரி முழுக்க நீலமாக எரிந்தது. தாமரை போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கினாள். சிவசங்கரன் அந்தப் பக்கச் சோபாவில் படுத்துக்கொண்டான். "எல்லார் முன்னாடியும் என்னைப் பொய்யனாக்கிட்டே" என்று ஒருநாள் சொன்னான்.  நளினி சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதற்கு மேல் அவனிடம் பேச அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

மாசியில் கான்ட்ராக்ட் புதுப்பித்துக் கொடுத்தார்கள். ஹாரிஸ் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. அந்தச் செய்தியைச் சொல்ல சிவசங்கரன் ஓடிவந்தபோது நளினி பெட்டியில் குழந்தையின் உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஸ்கூல்ல சேர்க்கணும் இவளை" என்றாள்.

"அதுக்கு இன்னும் நாள் இருக்கே."

"இருக்கு" என்றாள். அடுக்குவதை நிறுத்தவில்லை.

திருச்சியில் இறங்கிய வாரம், பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் பார்க்க வந்தாள். குழந்தை இளைத்திருப்பதைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டாள். "அங்க குளிர் ஒத்துக்கலை" என்றாள் நளினி.

பஞ்சவர்ணம் சிரித்துவிட்டாள். "பாலைவனத்துல குளிரா? யாருகிட்ட விடறே? என்னடி, மாப்பிள்ளைகூட சண்டையா?"

நளினியும் கூடவே சிரித்து வைத்தாள்.