பதிவேட்டில் ஆறு மணி நேரம்

கேப்டனைப் பழிவாங்கத்தான் அவள் இந்தக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தாள். இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று வருடங்களுக்கு முன் அதே மனிதர் ஓட்டிய வேறொரு கப்பலிலிருந்து அவளுடைய தம்பி கடலில் விழுந்தான். மிதவை வளையத்தை வீசினார்கள். அதை அவன் பிடித்துக்கொண்டதையும் பார்த்தார்கள். நாற்பது நிமிடம் தேடிவிட்டு, நேரமாகிறது என்று கப்பல் தன் வழியே போய்விட்டது. பதிவேட்டில் மட்டும் ஆறு மணி நேரம் தேடியதாகக் கேப்டன் எழுதினார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் கப்பலின் சமையல்காரர்.

அந்தச் சமையல்காரரே ஒருநாள் வீடு தேடி வந்து, அவள் அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, உண்மையைக் கொட்டிவிட்டு அழுதார். இதையே கப்பல் துறை ஆபீசில் வந்து சொல்லுங்கள் என்று அவள் கேட்டதும் அழுகை நின்றுவிட்டது. "எனக்கும் புள்ளகுட்டி இருக்கும்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். அதன்பிறகு அவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. எங்கே போனாலும் ஒரே பதில்தான். "ஆறு மணி நேரம் தேடியிருக்காங்களேம்மா, இதுக்கு மேல என்ன செய்வாங்க?" கடைசியில் கோப்பையே மூடிவிட்டார்கள். அம்மா மட்டும் இன்னும் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் படுக்கிறாள்.

அவள் இப்போது சேர்ந்திருப்பது காற்றில் ஓடும் சரக்குக் கப்பல். உடனே கயிறும் கந்தல் துணியுமாகப் பழங்காலத்துக் கப்பலை நினைத்துக்கொள்ள வேண்டாம். மேல்தளத்தில் மூன்று பாய்கள், ஒவ்வொன்றும் பத்து மாடி உயரம், விமானத்தின் இறக்கையைக் கழற்றி நட்டு வைத்த மாதிரி. காற்று எந்தப் பக்கம் என்பதை ஒவ்வொரு பாயின் உச்சியிலும் உள்ள காற்றுமானி கணினிக்குச் சொல்லும். கணினி சொன்னபடி மோட்டார் பாயைத் திருப்பும். எஞ்சினும் ஒன்று உண்டு, துறைமுகத்துக்கும் ஆபத்துக்கும் மட்டும். பாய்களைப் பராமரிப்பது அவள் வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் பாயக்கா. "இம்மாம் பெரிய பாய் மூணு இருக்கு, படுக்க ஒண்ணு குடுக்கறியா பாயக்கா?" என்று ஆளாளுக்குக் கிண்டல் செய்வார்கள்.

கேப்டனுக்கு அவள் யாரென்று தெரியாது. தம்பியின் முகமே அவருக்கு நினைவிருக்குமோ என்னவோ, அக்காவையா தெரியப்போகிறது? ஆனால் அதே சமையல்காரர் இந்தக் கப்பலிலும் இருந்தார். முதல் நாள் சாப்பாட்டுக்கு அவள் தட்டை நீட்டியபோது அவர் முகம் வெளுத்தது. ஆனால் யாரிடமும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றிலிருந்து அவள் தட்டில் மட்டும் இரண்டு கரண்டி அதிகமாக விழுந்தது.

முப்பது வருடத்தில் ஒரு மணி நேரம்கூடத் தாமதமாகக் கரை சேர்ந்ததில்லை என்பது கேப்டனின் பெருமை. மூச்சுக்கு மூச்சு அதைத்தான் சொல்வார். அந்தப் பெருமைக்காகத்தான் தம்பியைத் தண்ணீரில் விட்டார். இது அவருடைய கடைசிப் பயணம், கப்பலுக்கு முதல் பயணம். பதினாறாம் நாள் காலை எதிர்க்கரையில் கேமராக்களோடு காத்திருப்பார்கள். அந்தப் பெருமையை எல்லோர் முன்னாலும் பிடுங்கிவிட வேண்டும் என்பதுதான் அவள் திட்டம். ஒரு உயிருக்கு இது ஈடா என்றால் இல்லை. ஆனால் அந்த மனிதருக்கு வலிக்கிற இடம் அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் நடுப்பாயின் உள்ளே ஏணியில் ஏறி, காற்றுமானியைக் கொஞ்சமாகத் திருப்பி முடுக்கினாள். அவ்வளவுதான். முகத்தில் காற்று ஒரு பக்கமாக அடிக்கும், கணினித் திரை வேறு பக்கம் காட்டும், எல்லோரும் திரையைத்தான் நம்புவார்கள். கப்பலின் வேகம் துளித் துளியாகக் குறைந்தது.

"என்னம்மா இது? காத்து நல்லாத்தானே அடிக்குது, வேகம் ஏன் வரமாட்டேங்குது?" என்று எட்டாம் நாள் கேப்டன் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். சரியாகத் தூங்காத கண்கள்.

"காத்து சார். எஞ்சின் மாதிரி நாம சொன்னதைக் கேக்காது."

அவர் கணக்குப் போட்டுப் பார்த்து உதட்டைக் கடித்தார். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

ஒன்பதாம் நாள் காலை மழையும் பெருங்காற்றும் சொல்லாமல் கொள்ளாமல் வந்தன. அப்படி வந்தால் மூன்று பாய்களும் உடனே விளிம்பைக் காட்டித் திரும்பி, காற்றுக்கு வழிவிட வேண்டும். இரண்டு திரும்பின. கோணல் காற்றுமானியை நம்பிய நடுப்பாய் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு நின்றது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்தளத்தில் காய்கறித் தோலைக் கொட்டப் போன சமையல்காரர் வாளியோடு கடலில் விழுந்தார். அதைப் பார்த்த ஒரு மாலுமி அலறிக்கொண்டே மிதவை வளையத்தை வீசினான். அவர் அதைப் பிடித்தார். அதற்குள் மழை எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

பாயைக் கையால் இயக்கும் பொத்தானை அழுத்தி அவள் கப்பலை நிமிர்த்தினாள். இது தன்னால் வந்தது என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்தது. ஒரே ஒரு கணம், பொய்க் கையெழுத்துப் போட்டவனுக்கு இது வேண்டியதுதான் என்றும் தோன்றியது. அதன்பிறகுதான் தொலைநோக்கியை எடுத்தாள்.

கேப்டன் எஞ்சினைப் போட்டு, கப்பலைத் திருப்பி, வட்டமடித்துத் தேடினார். மழை விடவில்லை. அவர் கண் அடிக்கடி கடிகாரத்துக்குப் போனது. ஏற்கெனவே அரை நாளுக்கு மேல் தாமதம். நாற்பது நிமிடம் ஆகவில்லை, தொப்பியைக் கழற்றினார்.

"இந்த அலைல ஆள் தாக்குப்பிடிக்கறது கஷ்டம். என்ன பண்றது, விதி. கிளம்பலாம்."

அவள் அவருக்கும் திசைச் சக்கரத்துக்கும் நடுவில் போய் நின்றாள்.

"போன கப்பல்ல ஒரு பையன் விழுந்தானே சார், அவனை எவ்வளவு நேரம் தேடினீங்க?"

"அது எதுக்கு இப்போ?"

"சொல்லுங்க. எவ்வளவு நேரம்?"

மாலுமிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன் தொண்டையைச் செருமினார். "ஆறு மணி நேரம். பதிவேட்டுல இருக்கு."

"அப்ப இவரையும் ஆறு மணி நேரம் தேடுங்க. அவன் என் தம்பி சார். அவனுக்குக் குடுத்த நேரத்தை இவருக்கும் குடுங்க."

கேப்டனின் முகம் வெளிறிப்போனது. இல்லை, நாற்பது நிமிடம்தான் தேடினேன் என்று சொல்ல முடியுமா? சொந்தப் பொய்யே கழுத்தைப் பிடித்துக்கொண்டது. தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு, "சுத்துங்க" என்றார்.

ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். அவள் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. மூன்றாவது மணி நேரத்தில் மழை விட்டது. தேட ஆரம்பித்து மூன்று மணி ஐம்பது நிமிடம் ஆனபோது, இடது பக்கம், அலைகளுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி. வளையத்துக்குள் சமையல்காரர். உதடு நீலம் பாரித்து, கண் செருகி, ஆனால் உயிரோடு.

கம்பளியைச் சுற்றி மேல்தளத்தில் படுக்கவைத்தார்கள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கப்பல் வரும், வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேம்மா. அவனும் இப்படித்தானே பாத்துக்கிட்டு இருந்திருப்பான்? எங்க வேணா வந்து சொல்றேன். எவன் கேட்டாலும் சொல்றேன்."

அவள் மூன்று வருடமாக அழாததையெல்லாம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். விழுந்த கொஞ்ச நேரத்திலேயே தம்பி போயிருப்பான், அதிகம் கஷ்டப்பட்டிருக்கமாட்டான் என்றுதான் அம்மாவுக்கும் தனக்கும் சொல்லி வந்திருந்தாள். இனி அதைச் சொல்லிக்கொள்ள முடியாது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேப்டனின் அறைக்குப் போய், காற்றுமானியைத் திருப்பியது தான்தான் என்று அவரிடம் சொன்னாள். அவர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"திடீர்க் காத்துன்னு எழுதிடறேன். உன் பேச்சே வராது. பதிலுக்கு நீயும் பழசைக் கிளறாதே. ரெண்டு பேரும் நிம்மதியா வீட்டுக்குப் போகலாம்."

"காத்து மேல பழியைப் போடாதீங்க. செஞ்சது நான். அப்படியே எழுதுங்க."

"பைத்தியமா உனக்கு? ஜெயிலுக்குப் போவே!"

"போறேன். ஆனா அதுக்கு முன்னாடி என்னை நிக்கவெச்சு, ஏன் இப்படிச் செஞ்சேன்னு கேப்பாங்கல்ல? மூணு வருஷமா யாருமே கேக்கலை சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அவள் அதை எடுத்து மறுபடி அவர் கையில் கொடுத்தாள்.

"மிதவையைப் பிடிச்ச ஆள் நாலு மணி நேரம் கழிச்சும் உயிரோட இருந்தார்னு முதல்ல எழுதுங்க. அதை எழுதிட்டு என் பேரை எழுதுங்க."