வயிறு பேசட்டும்

எனக்கு உள்ளங்கை வியர்க்கும். சும்மா ஈரமில்லை, சொட்டும். தையல்காரிக்கு இப்படி ஒரு கை. கடை முதலாளி எனக்கு 'குழாய்' என்று பெயரே வைத்துவிட்டார். ஈரக்கறை தெரியாத கறுப்புக் கோட்டுகளைத் தைத்து இத்தனை காலம் ஒப்பேற்றிவிட்டேன். இப்போது நான் ஏங்கிக் கிடந்த வேலை வந்திருக்கிறது: வெள்ளைப் பட்டில் ஒரு கல்யாண கவுன். "மதியத்துக்குள்ள நீ கை வைக்கலன்னா வேற ஆளுகிட்ட குடுத்துடுவேன்" என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

அதனால்தான் காலையிலேயே அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவள் அக்குபங்சர் பார்ப்பவள்.

"ஊசியில பிழைக்கிறவளுக்கே ஊசியா?" என்றேன்.

"வாய மூடிட்டுப் படுடி. வயிறு பேசட்டும்."

அதுதான் அவள் முறை. நம்மைக் கேட்காமலே இதயத்தையும் குடலையும் ஓட்டுகிற நரம்புகளில் ஒரு கூட்டம் விரட்டுமாம், இன்னொரு கூட்டம் அமர்த்துமாம். எனக்கு விரட்டுகிற கூட்டம் ஓயாமல் ஆட்டம் போடுவதால்தான் இந்த வியர்வையாம். அமர்த்துகிற கூட்டத்தின் கை ஓங்கினால் குடல் அசைந்து வயிறு கடமுட என்று சத்தம் போடும். அது கேட்காமல் அக்கா ஊசியை எடுக்கவே மாட்டாள்.

இரண்டு மணிக்கட்டிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி இறங்கியது. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து என் நாடியில் விரல் வைத்தாள். திரைச்சீலை மெல்ல உப்பி அடங்கியது. தெருவில் போன சைக்கிள் மணி அறைக்குள் வந்து வெகுநேரம் தங்கியது. கட்டில் நகர்கிறதா, நான் நகர்கிறேனா என்று தெரியவில்லை. யாரோ என்னைப் பட்டுத்துணி மாதிரி மேசையில் விரித்து, சுருக்கங்களை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாடி மேலிருந்த விரல்கள் கனத்தன. கண் திறந்தேன். அக்கா கட்டில் விளிம்பில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அத்தான் இறந்ததிலிருந்து அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. ஊரையே தூங்க வைப்பாள், தனக்கு மட்டும் ஊசி போட்டுக்கொள்ள மாட்டாள். கேட்டால், "நானே குத்திக்கிட்டா என் நரம்பு நம்பாதுடி" என்பாள்.

வயிறு பேசியது. கடமுட என்று, நீளமாக. என்னுடையது இல்லை, அவளுடையது.

என் உள்ளங்கை காய்ந்திருந்தது. இந்தக் கையோடு இப்போதே போனால் பட்டைத் தொடலாம். ஆனால் மணிக்கட்டில் ஊசி இருக்க நானாக எதையும் எடுக்க முடியாது, அவளை எழுப்ப வேண்டும். எழுந்தால் மறுபடி தூங்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

மதியம் ஆனபோது பையில் போன் அதிர்ந்தது. முதலாளிதான். நின்றது. மறுபடி அதிர்ந்து நின்றது. அதற்குப் பிறகு அதிரவில்லை. பட்டு வேறு மேசைக்குப் போயிருக்கும். எனக்கு அழுகையே வந்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன்.

அக்காவின் விரல்கள் லேசாக அசைந்தன. கண் திறக்காமலே முணுமுணுத்தாள்.

"வயிறு பேசுச்சாடி?"

"இன்னும் இல்லக்கா," என்றேன்.