கிருபா வீட்டு ஒத்திப் பத்திரம்

1

உண்மையைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. குத்துக்கல்வலசையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் கிடைத்தது. வீட்டுக்காரி கிருபாவுக்கு முப்பத்தாறு வயது, தென்காசியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. கீழே ஒரு போர்ஷன், மாடியில் ஒரு போர்ஷன். அவள் வாங்கிய முதல் வீடு அது. தான் மாமியார் வீட்டில் இருந்துகொண்டு இரண்டையும் வாடகைக்கு விட்டு வந்தாள்.

"என்ன வேலை பாக்குதிய?" என்று கேட்டாள்.

"தமிழ் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆயிட்டேன். கதை எழுதுவேன்."

"பென்ஷன் வருதுல்லா?"

வருகிறது என்ற பிறகுதான் கீழ்ப் போர்ஷன் சாவியைக் கொடுத்தாள். முப்பது வருடமாக எழுதுகிறேன், என் எழுத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் விமர்சித்ததில்லை. இவளை எழுதாமல் விடக்கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

2

முதல் தொடக்கம்: ஐந்தருவிச் சாரல் முகத்தில் தெறிக்க, கிருபா கண்களை மூடித் தன் கனவு இல்லத்தை

(நிறுத்திவிட்டேன். வீடு தேடிய இரண்டு வருடத்தில் அவள் அருவியில் ஒரு தடவைகூடக் குளிக்கவில்லை.)

இரண்டாவது தொடக்கம். இது நடந்தது. கிருபாவின் கணவன் ஜெபசிங் பதின்மூன்று வருடமாகக் கத்தாரில் கிரேன் ஓட்டுகிறான். சீசன் நேரத்தில் லீவில் வந்தவன், குற்றாலத்துக் கூட்டத்தைப் பார்த்து மயங்கிப்போனான். கார் நிறுத்த இடமில்லை, அறைக்குக் கேட்ட வாடகையைக் கொடுக்கிறார்கள். கடன் வாங்கியாவது அங்கே ஒரு மனை வாங்கி நாலு அறை கட்டிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான். குற்றாலத்தில் பணத்தைப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் சீசனில்தான் இடம் பார்த்திருக்கிறார்கள்.

கிருபா பங்குனியில் போய்ப் பார்த்தாள். பாறையில் ஈரம்கூட இல்லை. பழக்கடைகள் தார்ப்பாய் மூடிக் கிடந்தன. ஜெபசிங் சொன்ன மனைக்கு அடுத்த லாட்ஜில் மகாராஜா என்ற வாட்ச்மேன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எத்தனை ரூம்ல ஆள் இருக்கு அண்ணாச்சி?"

"ஒண்ணுல இருக்கு."

"யாரு?"

"நாந்தான்."

திரும்பி வந்து, குத்துக்கல்வலசை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாள்.

3

எனக்குச் சிக்கல் இங்கேதான். கதை என்றால் நாயகி ஒரு தப்பாவது செய்யவேண்டும். இவள் செய்யமாட்டேன் என்கிறாள். வாங்குவதற்கு முன்பு முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தாள். அடைமழை பெய்த ஒரு நாளில் குடையோடு போய் ஒவ்வொரு சுவரையும் தொட்டுப் பார்த்தாள். ஆறு மாதம் வீடு காலியாகக் கிடந்தாலும் சமாளிக்கத் தனியாகப் பணம் எடுத்து வைத்தாள். பொறுக்க முடியாமல் நானே அவளை ஒரு வட்டிக்காரனிடம் அனுப்பிவைத்தேன்:

கையெழுத்துப் போடும்போது கிருபாவின் விரல்கள்

(போடமாட்டாள். அடித்துவிட்டேன்.)

இவள் பயந்தாங்கொள்ளி என்றுகூட ஒரு பக்கம் எழுதினேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. கத்தாரில் அன்று விடுமுறை. மதியம் வாடகை வாங்க வந்தவள், போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் அடுக்களையில் ஒழுகும் குழாயைத் திருகிக்கொண்டிருந்தாள். மாதம் இருபதாயிரம் வாடகை வந்தால் ஜெபசிங் ஊரோடு வந்துவிடலாம் என்பது அவர்களுக்குள் பேச்சு. அதற்கு மேல் வேண்டியதை இங்கே உழைத்துக்கொள்ளலாம். இப்போது வருவது பதினாலாயிரம்.

"ஏட்டி, மாடிய ஒத்திக்கு* விடு. மொத்தமாக் கையில வரும். அத வச்சு குத்தாலத்துல ரூம்பு கட்டிருவோம்."

"சீசன் மூணு மாசந்தான் அத்தான். கரண்டு பில்லு பன்னெண்டு மாசமும் வரும்."

"எனக்கு இங்கன முடியலட்டி" என்றான் ஜெபசிங்.

"தெரியும்" என்றாள். குழாய் ஒழுகுவது நின்றிருந்தது, அவள் திருகுவதை நிறுத்தவில்லை. அவளுடைய நிதானத்துக்காக அவன் அங்கே வெயிலில் கிடக்கிறான் என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது. பயந்தாங்கொள்ளிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

(* வெளியூர் வாசகருக்கு: ஒத்தியில் மாத வாடகை கிடையாது. குடிவருகிறவர் பெரிய தொகை ஒன்றைக் கொடுத்துவிட்டு இருப்பார், காலி செய்யும்போது அதை அப்படியே திருப்பித் தரவேண்டும். எங்கள் பக்கத்துக்காரர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். வந்த மறுநாளே அது சொந்தப் பணம் மாதிரித் தெரியத் தொடங்கும், கல்யாணம் கார் என்று கரையும். குடியிருப்பவர் கிளம்புகிறேன் என்றால் வீட்டையே விற்க நேரும்.)

4

முடிவு அ: அறைகள் கட்டுகிறார்கள், அடுத்த வருடம் சாரல் பொய்க்கிறது. (பாடம் சொல்லும் முடிவு. வகுப்பில் நடத்திய பாடமே போதும்.)

முடிவு ஆ: ஜெபசிங் திருவனந்தபுரத்தில் இறங்குகிறான். கார் செங்கோட்டை தாண்டியதும் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்றை வாங்குகிறான். இதைக் கிருபாவிடமே கொடுத்தேன். மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல் வரிவரியாகப் படித்தாள்.

"அவுக வந்து எறங்குதாக, சரி. வாடகை எவ்வளவு வருதுன்னு எழுதலியே டீச்சர்?"

முடிவு இ: இதை எழுதவில்லை, வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பின்தெருவில் இன்னொரு வீடு விலைக்கு வந்திருந்தது. அதை வாங்க அவள் சேமிப்பு எட்டு லட்சம் போதவில்லை. நான் ஓய்வுபெற்றபோது கிடைத்த பணம் பேங்கில் சும்மா கிடந்தது.

"நான் இருக்க போர்ஷன நானே ஒத்திக்கு எடுத்துக்கிடுதேன். என் வாடகை ஏழாயிரம் நின்னுரும். அந்த வீட்டுல பதினாலு வரும், மாடி ஏழு. இருபத்தொண்ணு ஆச்சுல்லா. ஜெபசிங்க வரச்சொல்லு."

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அப்புறம் கேட்டாள்:

"உங்களுக்குத் திடீர்னு பணம் வேணும்னா?"

"கேக்கமாட்டேன்."

"அத வாயால சொல்லாதிய டீச்சர். பத்திரத்துல எழுதுங்க."

5

பத்திரம் இப்போது என் மேசையில் இருக்கிறது. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஒரே ஓர் இடத்தை மட்டும் எனக்காக விட்டிருக்கிறாள்:

'ஒத்தித் தொகை ரூபாய் எட்டு லட்சத்தை .......... ஆண்டுகளுக்கு முன் திருப்பிக் கேட்பதில்லை.'

ஓரத்தில் பென்சிலால் அவள் போட்ட கணக்கு இருக்கிறது. ஐந்து என்றால் ஜெபசிங் இந்தக் கிறிஸ்துமசுக்கே வந்துவிடலாம், என் பணத்தை இருவரும் இங்கேயே சம்பாதித்துச் சேர்த்துவிடுவார்கள். மூன்று என்றால் அதற்குள் பணம் சேர அவன் இன்னும் இரண்டு வருட ஒப்பந்தத்தை முடித்துவிட்டு வரவேண்டும். நான் எதை எழுதினாலும் கிருபா விழமாட்டாள். இரண்டுக்கும் வழி வைத்திருக்கிறாள்.

விழக்கூடிய ஆள் நான்தான். வயது அறுபத்தொன்று. வலது முழங்காலை ஆபரேஷன் செய்யவேண்டி வரலாம், எப்போது என்று சொல்லமுடியாது என்கிறார் டாக்டர். இந்த எட்டு லட்சத்தை விட்டால் என்னிடம் பென்ஷன்தான். கதைகளில் எத்தனையோ பேரை யோசிக்காமல் வட்டிக்காரனிடம் அனுப்பியவள் நான். என் பணம் என்றதும் பேனா மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை. நாயகி ஒரு தப்பாவது செய்யவேண்டும் என்று மேலே முனகியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நாளை வெள்ளிக்கிழமை. மதியம் கிருபா வருவாள், ஸ்பீக்கரில் அவன் இருப்பான். பத்திரத்தை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். அந்த எண்ணை நீங்கள் எழுதுங்கள்.

எழுதுவதற்கு முன்பு ஒன்று சொல்லவேண்டும். என் முழங்கால் விஷயத்தை உங்களிடம்தான் சொல்லியிருக்கிறேன். கிருபாவுக்குத் தெரியாது.